தூரிகை ஏந்திய புவெப்ளோ மாதரசி

ஒரு குலத்தின் வரலாற்றை எழுத்தாற் பொறித்தோர் பலர். வண்ணத்தாற் பொறித்தோர் சிலரே. அச்சிலருள் ஒருவர், அமெரிக்கத் தொல்குடியினராகிய புவெப்ளோ மக்களிடைத் தோன்றிய டோனிட்டா பேன்யா அம்மையார்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்மேற்கிலுள்ள நியூ மெக்சிகோ, மழை அரிய நிலம். ஆங்கு ரியோ கிராண்டி ஆற்றை அடுத்து மண்வீடு அமைத்து மக்காச்சோளம் விளைத்து வாழ்பவர் புவெப்ளோ மக்கள். மழையும் விளைவும் வேண்டி ஊர் கூடி ஆடும் ஆடலே அவர்தம் வழிபாடாகும்.

அம்மையார் 1893-ஆம் ஆண்டு சான் இல்டிபான்சோ என்னும் ஊரிற் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்து, கொச்சிட்டி என்னும் ஊரில், மட்கலம் வனைவதில் வல்ல சிற்றன்னையிடம் வளர்ந்தார். அக்குடியில் மட்கலத்தின்மேற் கோலம் தீட்டுதல் மகளிர்க்குரியது. மனித உருவம் வரைதல் ஆடவர்க்கே உரியது. ஆயினும், பள்ளியில் ஆசிரியை தந்த வண்ணங்களைக் கொண்டு ஆடுவோரை வரையத் தொடங்கிய சிறுமி, மங்கையான பின்னும் அதனைக் கைவிட்டிலர். இருமுறை கணவரை இழந்து, மூன்றாம் மணம் புரிந்து, மக்களைப் பேணிய நாளிலும் தூரிகையை விட்டாரில்லை.

அவர்தம் ஓவியங்களிற் பெரும்பாலும் மலையுமில்லை, மனையுமில்லை. வெண்டாளில் ஆடுவோர் மட்டுமே நிற்பர். சோள ஆடலில் மகளிர் தலையிலணியும் பலகைமுடி, கையிலேந்தும் பசுந்தழை, ஆடவர் குலுக்கும் சுரைக்குடுக்கை, அவர் இடையின்பின் தொங்கும் நரித்தோல், முரசறைவோன் ஆகிய யாவும் வழுவாது அமைந்திருக்கும்.

அவர் இவ்வாறு வரைந்த காலம் எத்தகையது? 1921-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் தொல்குடி அலுவலகம், இத்தகைய ஆடல்களை அடக்குமாறு சுற்றறிக்கை விடுத்தது. மாதம் ஒரு நாளுக்கு மேல் ஆடலாகாது, ஐம்பது வயதுக்குட்பட்டோர் சேரலாகாது என்னும் பரிந்துரைகளைத் தாங்கி 1923-இல் துணையறிக்கையும் வந்தது. இளையோரை விலக்கிவிட்டால் அக்கலை எவரிடம் எஞ்சும்? அவ்வாண்டுகளிலும் அம்மையார் ஆடல்களைத் தீட்டியே வந்தார். 1934-இல் தலைமை அலுவலர் ஜான் கோலியர் அக்கொள்கையை மாற்றினார்.

மற்றொரு புறம், புனிதமானவற்றை அயலார்க்குக் காட்டலாமோ எனத் தம் ஊராருட் சிலர் குறை கூறினர். அம்மையாரோ மறைவிற் செய்யும் சடங்குகளை விடுத்து, ஊர்மன்றில் யாவரும் காண ஆடுவனவற்றையே வரைந்தார். பொருந்தா வழக்கத்தை மீறிய அவரே, காக்க வேண்டிய வரம்பைக் காத்தார்.

1949-இல் அவர் மறைந்தார். அவர் மைந்தர் ஜோ ஹெரேரா ஓவியராய்ப் புகழ் பெற்றார். பப்ளீட்டா வெலார்டி முதலிய மங்கையர் அவ்வழியே தூரிகை ஏந்தினர். கொச்சிட்டி மன்றில் ஆண்டுதோறும் சோள ஆடல் இன்றும் நிகழ்கின்றது, இளைஞரும் ஆடுகின்றனர்.