பேதியிலும் வேலை செய்த குடல் செல்

1831ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தின் சண்டர்லாண்ட் துறைமுகத்தில் காலரா பரவியது. வில்லியம் புரூக் ஓஷாக்னசி என்ற 22 வயது அயர்லாந்து மருத்துவர் அங்கே போய் நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்தார். நீரும் உப்பும் வற்றி ரத்தம் கெட்டிப்பட்டிருந்தது. ரத்தத்தில் குறைந்த அந்த இரண்டும் பேதியில் இருந்தன. போனதைத் திருப்பிக் கொடுத்தால் ஆள் பிழைப்பான் என்று அவர் எழுதினார். அடுத்த ஆண்டே ஸ்காட்லாந்தின் லீத் நகரில் தாமஸ் லாட்டா உப்பு நீரை நேரடியாக ரத்தக்குழாயில் ஏற்றிப் பார்த்தார். சாகக் கிடந்தவர்களில் சிலர் தெளிந்து பேசினார்கள். ஆனால் கிருமி நீக்கம் என்ற எண்ணமே பிறக்காத காலம் அது. ஏற்றிய அளவும் பலருக்குப் போதவில்லை. லாட்டா 1833இல் இறந்ததும் அந்த முறையும் மறக்கப்பட்டது. ஓஷாக்னசி கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தார். இந்தியாவில் தந்திக் கம்பி இழுத்தவர் என்றே பின்னாளில் அறியப்பட்டார்.

இழந்த நீரை ஏன் குடிக்கக் கொடுக்கவில்லை என்று இன்றைய வாசகர் கேட்கலாம். அதற்குக் குறுக்கே நின்றது பிரேதப் பரிசோதனை. காலராவில் இறந்தவர்களின் குடலைத் திறந்தபோது உட்பரப்பு உரிந்து கிடந்தது. செல்கள் செத்து உதிர்ந்த குடல் எதை உறிஞ்சும்? இந்தக் கருத்து நூறாண்டுக்கு மேல் ஆட்சி செய்தது. குடலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று சொல்லி, தாகத்தில் துடித்தவர்களுக்குத் தண்ணீரை மறுத்த மருத்துவர்களும் இருந்தார்கள்.

இந்தக் கருத்தைச் சாய்த்தவை இரண்டு ஆய்வுகள். 1959இல் கல்கத்தாவில் சம்பு நாத் தே, காலராக் கிருமியை வளர்த்த திரவத்திலிருந்து கிருமிகளை வடித்து நீக்கி, எஞ்சியதை முயலின் குடலில் கட்டிய ஒரு வளையத்துக்குள் செலுத்தினார். வளையம் நீரால் புடைத்தது. வேலையைச் செய்வது கிருமி சுரக்கும் நச்சு என்று அதனால் தெரிந்தது. ஏறக்குறைய அதே சமயத்தில் பாங்காக்கில் யூஜீன் கங்கரோசாவும் உடன் பணியாற்றியவர்களும், உயிரோடிருந்த நோயாளிகளின் குடலிலிருந்து சிறு துணுக்குகளை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். செல்கள் உரியவே இல்லை. முந்தைய தலைமுறைகள் கண்டது மரணத்துக்குப் பின் நேர்ந்த சிதைவை. தேயின் ஆய்வு அளவுக்குக்கூட இந்த இரண்டாவது ஆய்வு பேசப்படுவதில்லை. நியாயமாகப் பார்த்தால் திருப்புமுனை இதுதான்: நோயாளியின் குடல் செல் உயிரோடு இருக்கிறது என்றால் அதனிடம் வேலை வாங்க முடியும்.

என்ன வேலை? குடித்ததும், உமிழ்நீர் முதல் பித்தம் வரை உடலே சுரந்ததுமாகச் சேர்ந்து நாளொன்றுக்கு எட்டு ஒன்பது லிட்டர் திரவம் ஒருவரின் குடலுக்குள் வருகிறது. மலத்தில் வெளியேறுவது 200 மில்லி லிட்டருக்கு மேல் போவதில்லை. மீதி முழுவதையும் உறிஞ்சி ரத்தத்துக்குத் திருப்பி அனுப்புபவை, பிறந்து சில நாட்களிலேயே உதிர்ந்துவிடும் மெல்லிய செல்கள். தண்ணீரைத் தனியாக இழுக்கும் கருவி எதுவும் அவற்றிடம் இல்லை. அவை உப்பை நகர்த்துகின்றன, தண்ணீர் பின்தொடர்கிறது.

உப்பை நகர்த்துவது எப்படி என்ற கேள்விக்கு முதல் விடை நண்டின் நரம்பிலிருந்து வந்தது. டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கோ 1957இல் நண்டு நரம்புச் சவ்வில் ஒரு நொதியைக் கண்டார். ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்ப் அது. உடலின் செல்கள் எல்லாவற்றிலும் ஓடுகிறது. நோபல் பரிசு அவருக்கு 40 ஆண்டுகள் கழித்து, 1997இல் கிடைத்தது. குடல் செல் இந்தப் பம்பை ரத்தத்தை ஒட்டிய பக்கத்தில் வைத்திருப்பதால் செல்லுக்குள் சோடியம் எப்போதும் குறைவு. 1960 ஆகஸ்டில் பிராக் நகரக் கருத்தரங்கில் ராபர்ட் கிரேன் அடுத்த படியை முன்வைத்தார். மேட்டு ஏரியின் நீர் மதகு திறந்ததும் பள்ளத்துக்குப் பாய்வதுபோல் சோடியம் குடலிலிருந்து செல்லுக்குள் பாய்கிறது. அந்தப் பாய்ச்சலின் வேகத்தில் குளுக்கோஸும் உடன் ஏறிவிடுகிறது. இரண்டுக்கும் வாசல் ஒன்றே. சர்க்கரை இல்லாவிட்டால் அந்த வாசல் வழியே சோடியம் போகாது, சோடியம் இல்லாவிட்டால் சர்க்கரையும் போகாது.

காலரா நச்சு தாக்குவது வேறு வாசலை. செல்லுக்குள் சுழற்சி ஏ.எம்.பி. என்ற தூதுப் பொருளை அது பெருக்குகிறது. குளோரைடு வாசல் மூடாமல் திறந்தே நிற்கிறது. உப்பும் நீரும் குடலுக்குள் கொட்டுகின்றன. கடுமையான நோயாளி மணிக்கு ஒரு லிட்டர்கூட இழப்பதுண்டு. சாதாரண உப்பை உறிஞ்சும் வழியையும் நச்சு அடைத்துவிடுகிறது. கிரேன் சொன்ன வாசலை மட்டும் அது தொடுவதில்லை. வெறும் உப்புத் தண்ணீர் குடித்தவருக்குப் பேதி பெருகுவதற்கும், சர்க்கரை சேர்த்தால் நீர் உடம்பில் ஏறுவதற்கும் இதுவே காரணம்.

இந்த அறிவு நேர்கோட்டில் படுக்கையருகே வந்து சேர்ந்தது என்று பாடநூல்கள் எழுதுவது வழக்கம். நடந்தது அப்படியல்ல. கிரேனுக்கு ஏழு ஆண்டுகள் முன்பே, 1953இல், கல்கத்தாவின் ஹேமேந்திர நாத் சாட்டர்ஜி உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் காலரா நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுத்து, லான்செட் இதழில் எழுதியிருந்தார். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை, உடலில் ஏறிய நீரின் கணக்கும் இல்லை. மேலைநாட்டு ஆய்வாளர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ராபர்ட் பிலிப்ஸ் 1960களின் தொடக்கத்தில் மணிலாவில் குளுக்கோஸின் பலனைக் கண்டார். ஆனால் அடுத்து வந்த சோதனையில் கரைசல் அடர்த்தி மிகுந்துபோய்ச் சிலர் இறந்தார்கள், அவர் பின்வாங்கினார். கலவை சரியான அளவில் இருந்தால்தான் இந்த வாசல் உதவும்.

டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் இருவரும் 1968இல் அந்த அளவைப் பிடித்தார்கள். நோயாளி இழப்பதை அளந்து, அதே அளவு கரைசலைக் குடிக்கக் கொடுத்தார்கள். ட்ரிப்ஸில் ஏற்ற வேண்டிய நீரின் தேவை 80 சதவீதம் குறைந்தது.

மருத்துவமனைக்கு வெளியே இது தேறுமா என்ற கேள்விக்கு விடை சொன்னது போர். 1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த அகதிகளால் மேற்கு வங்க எல்லையில் உள்ள பன்காவ் நிரம்பியது. அங்கே காலரா பரவி ட்ரிப்ஸ் பாட்டில்கள் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலனாபிஸ் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்று கல்கத்தாவில் பொட்டலம் கட்டி வரவழைத்தார். அதைக் கரைத்துப் புகட்டியவர்கள் பெரும்பாலும் நோயாளிகளின் சொந்தக்காரர்கள். ஏறக்குறைய 30 சதவீதமாக இருந்த இறப்பு, அவருடைய கவனிப்பில் இருந்தவர்களிடையே 3.6 சதவீதமாக இறங்கியது. பின்னர் வங்கதேசத்தில் பிராக் (BRAC) என்ற தொண்டு அமைப்பின் பெண் ஊழியர்கள் வீடு வீடாகப் போய், மூன்று விரல் சிட்டிகை உப்பும் ஒரு கைப்பிடி வெல்லமும் கலக்கும் முறையைத் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

கிரேன் சொன்ன வாசலை நேரில் பிடிக்க 1987 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கலிஃபோர்னியாவில் எர்னஸ்ட் ரைட்டின் குழு அந்த வாசலாக இருக்கும் புரதத்துக்கான மரபணுவைப் பிரித்தெடுத்தது. எஸ்.ஜி.எல்.டி.1 என்று அந்தப் புரதத்துக்குப் பெயர். அந்த மரபணு பழுதாகப் பிறக்கும் குழந்தைகள் மிக அரிதாக உண்டு. தாய்ப்பாலே அவர்களுக்குக் கடும் பேதியைக் கொடுக்கும், ஓ.ஆர்.எஸ். எனப்படும் உப்பு-குளுக்கோஸ் கரைசலைக் கொடுத்தாலும் நிற்காது. ஃபிரக்டோஸ் வேறு வாசல் வழியே போவதால் அது அவர்களுக்கு ஒத்துக்கொள்கிறது. கிரேனின் கருதுகோளுக்கு இதைவிடத் துல்லியமான சாட்சி இல்லை.

கரைசலை இன்னும் மேம்படுத்த, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பி.எஸ். ராமகிருஷ்ணாவின் குழு பெருங்குடலின் செல்களைக் கவனித்தது. சிறுகுடலில் செரிக்காத ஒருவகை மக்காச்சோள மாவைக் கரைசலில் சேர்த்தால், பெருங்குடல் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்துச் சிறு கொழுப்பு அமிலங்களாக்கும். அவற்றை உறிஞ்சும் செல்கள் கூடவே சோடியத்தையும் எடுத்துக்கொள்ளும். காலரா நோயாளிகளிடம் பேதியின் அளவு குறைந்ததை 2000இல் அவர்கள் வெளியிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 2002இல் ஓ.ஆர்.எஸ். கலவையை வேறு திசையில் திருத்தியது: குளுக்கோஸை லிட்டருக்கு 20 கிராமிலிருந்து 13.5 கிராமாகவும், உப்பை 3.5 கிராமிலிருந்து 2.6 கிராமாகவும் குறைத்தது.

எஸ்.ஜி.எல்.டி.1இன் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு வாசல், எஸ்.ஜி.எல்.டி.2, சிறுநீரகத்தில் இருக்கிறது. வடிகட்டப்பட்ட சர்க்கரையில் பெரும்பகுதியை ரத்தத்துக்கு மீட்டுத் தருவது அதுதான். 1835இல் ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து பிரித்த ஃப்ளோரிசின் என்ற பொருள் இந்த வாசல்களை அடைக்கும் என்று பின்னர் தெரியவந்தது. அதன் வழியில் வந்த டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் இன்று தமிழ்நாட்டின் மருந்துக் கடைகளில் சர்க்கரை நோய்க்கு விற்பனையாகின்றன. சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும்போது அவை நீரையும் கூட இழுத்துப் போகின்றன. அதனால் இந்த மாத்திரை சாப்பிடுபவருக்குப் பேதி கண்டால் சில நாட்கள் அதை நிறுத்திவைக்கும்படி மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆனாலும் ஓ.ஆர்.எஸ். கரைசலை வழக்கம்போல் குடல் உறிஞ்சிக்கொள்ளும், ஏனெனில் அதன் வாசல் எஸ்.ஜி.எல்.டி.1.