எழுத்தும் கோலமும்: கணினியில் தமிழ்க் குறிப்பெடுத்த வரலாறு

கற்பார்க்கும் கற்பிப்பார்க்கும் குறிப்பெடுத்தல் இன்றியமையாதது. கையால் எழுதுவோர் வேண்டிய இடத்தில் அடிக்கோடு இடலாம். ஓரத்தில் ஐயத்தைக் குறிக்கலாம். தமிழ் வரியின் நடுவே ஆங்கிலச் சொல் ஒன்றையும் எழுதலாம். கைக்கு இவ்வகையில் தடை ஏதும் இல்லை. பொறிக்கோ எல்லை உண்டு. அவ்வெல்லை தமிழுக்கு எங்கே வந்து நின்றது, எவ்வாறு நீங்கியது என்பது நம் மொழி வரலாற்றின் ஒரு பகுதியாகும்.

முதலில் தட்டச்சுப் பொறியைக் காண்போம். தமிழ் எழுத்துகள் 247. பொறியின் விசைகளோ அவற்றுள் ஒரு சிறு பங்கே. யாழ்ப்பாணத்திற் பிறந்து சிங்கப்பூருக்கு வந்து பணியாற்றிய இரா. முத்தையா அவர்கள் உயிர்மெய்க் குறிகளைப் பிரித்து அமைத்தும், தட்டினாலும் தாள் நகராத விசைகளைப் புகுத்தியும் இவ்விடரை வென்றார். எனினும் அப்பொறியின் எழுத்துக்கு ஒரே அளவு, ஒரே வடிவம். ஒரு சொல்லைச் சிறப்பித்துக் காட்ட அடிக்கோடு ஒரு வழி. வடிவம் குறைந்ததேயன்றி எழுத்து பிழைக்கவில்லை. தாளில் பதிந்தது என்றும் அதுவாகவே நின்றது.

சொற்செயலியின் நிலை வேறு. ஐ.பி.எம். நிறுவனம் 1964இல் காந்த நாடாவில் எழுத்தைச் சேமிக்கும் தட்டச்சுப் பொறியை வெளியிட்டது. 1978இல் வேர்ட்ஸ்டார் என்னும் மென்பொருள் வந்தது. கணினி எழுத்தை எழுத்தாக அறியாது, எண்ணாகவே அறியும். 1963இல் அமெரிக்கர் வகுத்த ஆஸ்கி அட்டவணையில் இருந்த இடங்கள் 128. அவற்றுள் ஒன்றேனும் தமிழுக்கு இல்லை.

வேண்டிய எழுத்துருவைத் தெரிந்தெடுக்கும் வசதியுடைய மெக்கின்டாஷ் போன்ற கணினிகள் 1984 முதல் பரவின. அப்பொழுது ஒரு குறுக்குவழி திறந்தது. ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்களின்மேல் தமிழ் வடிவங்களை வரைந்து எழுத்துருக்கள் செய்தனர். கணினி ‘கே’ என்னும் ஆங்கில எழுத்தைச் சேமிக்கும். திரையில் ‘ம’ தோன்றும். கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கிலம்.

இங்கேதான் சிக்கல் பிறந்தது. ஆங்கிலத்தில் எழுத்துரு என்பது ஓர் அணி. அதனை மாற்றினால் அழகு மாறும், சொல் மாறாது. தமிழிலோ எழுத்துருவே எழுத்தாகிவிட்டது. பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ எனத் தட்டி, அதனை ஆங்கில எழுத்துருவுக்கு மாற்றினால் ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’ என்னும் ஐந்து குறிகளே எஞ்சும். அம்மா மறைந்துவிடுவாள்.

குறிப்பெடுப்போர்க்கு இதனால் விளைந்த இடர்கள் பல. தமிழ் வரியில் ஓர் ஆங்கிலச் சொல் வந்தால் எழுத்துருவை மாற்றி மீண்டும் மாற்றவேண்டும். வடிவமைப்பு ஏதுமற்ற வெறும் உரையாகச் சேமித்தால் எந்தச் சொல் எந்த எழுத்துருவில் இருந்தது என்னும் செய்தியே அழிந்துவிடும். ‘கொ’ என்பது கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டாய்க் கண்ட வரிசையிலேயே சேமிக்கப்பட்டது. ஆதலின் அருஞ்சொற்களை அகர வரிசைப்படுத்தவும் இயலவில்லை.

இவ்விடரைத் தீர்க்க முயன்றோர் பலராவர். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரில் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி கணியனைப் படைத்தார். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை அளித்தார். ஒவ்வொன்றும் நற்பணியே, ஆயினும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அட்டவணை. ஒருவர் எழுதிய குறிப்பு மற்றொருவர் திரையில் புரியாக் கோலமாய்த் தோன்றியது.

பொது அட்டவணை வேண்டும் என்னும் எண்ணம் வலுத்தது. 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. சென்னையில் டாம், டாப் என்னும் இரு குறியீடுகள் வகுக்கப்பட்டன. மின்னஞ்சல்வழி கூடி ஆய்ந்த அறிஞர்கள் டிஸ்கி என்னும் குறியீட்டை அமைத்தனர். டாப், டிஸ்கி ஆகியவற்றில் தமிழும் ஆங்கிலமும் ஒரே எழுத்துருவில் அமர்ந்தன. இருமொழிக் குறிப்பு எளிதாயிற்று. ஆயினும் அதே அட்டவணையைப் பின்பற்றாத எழுத்துருவுக்கு மாற்றினால் பழைய குழப்பம் திரும்பிற்று.

முழுத் தீர்வு ஒருங்குறியால் வந்தது. 1991இல் வெளியான அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. எனினும், விண்டோஸ் 2000 போன்ற இயங்குதளங்கள் வந்த பின்னரே அது பரவலாகப் பயனுக்கு வரத் தொடங்கிற்று. தமிழ்நாட்டரசு 2010இல் அதனை ஏற்றது. ஒருங்குறியில் தமிழெழுத்துக்குத் தனக்கே உரிய எண் உண்டு. ‘கொ’ என்பது ககரமும் ஒகரக் குறியும் என ஒலிக்கும் முறைப்படி சேமிக்கப்படுகிறது. அகர வரிசை விதியையும் கணினிக்குக் கற்பிக்க முடிகிறது. எழுத்துரு மீண்டும் அணியாயிற்று. வடிவமைப்பு முழுதும் உதிர்ந்தாலும் எழுத்து உதிர்வதில்லை.

எனினும் கடந்தகாலம் தானாகத் திருந்திவிடாது. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் இலக்கிய நூல்கள் பழைய குறியீடுகளிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. எந்த நூல் எந்தக் குறியீட்டில் உள்ளது என்பது தெரிந்திருந்தமையால் அது கைகூடியது. ஆசிரியர் பலர் 1990களில் தட்டிய பாடக்குறிப்புகளும் சொற்பட்டியல்களும் பழைய வட்டுகளில் உறங்குகின்றன. அவற்றின் எழுத்துருப் பெயரை நினைவில் வைத்திருப்போர் இன்று இருக்கின்றனர். நாளை இருப்பர் என்பதற்கு உறுதியில்லை. பெயர் தெரிந்தால் மாற்றி உதவும் கருவிகள் உள்ளன. தெரியாவிடின் அம்மாவை அரைப்புள்ளிகளுக்கிடையே தேட வேண்டிவரும்.

கோலம் அழியலாம், மறுநாள் மீண்டும் இடலாம். எழுத்து அழிந்தால் அதனை மீண்டும் எழுத, எழுதியவர் வேண்டும்.