கோட்டம் எடுத்தலிலிருந்து சோதனைப் பொறி வரை: எடை குறைந்த மோட்டார் சைக்கிள் சக்கரங்களின் வரலாறு

கம்பிச் சக்கரம் தன் நோயைத் தானே சொல்லிவிடும். ஒரு ஸ்போக்ஸ் கம்பி தளர்ந்தால் சக்கரம் ஆடும். ஒன்று அறுந்தால் சத்தம் கேட்கும். ரிம் நெளிந்தால் வண்டி ஓட்டுபவரின் கைப்பிடியிலேயே அது தெரியும். கம்பிகளைத் தட்டி ஒலியைக் கேட்டு, நிப்பிளைத் திருகிக் கோட்டம் எடுக்கும் மெக்கானிக்கின் காதும் விரலுமே அந்தச் சக்கரத்தின் பாதுகாப்புச் சோதனையாக நெடுங்காலம் இருந்தன. ஒரே துண்டாக வார்க்கப்பட்ட அலுமினியச் சக்கரத்துக்கு அந்த வாய் இல்லை. அதில் விரிசல் மயிரிழையாகத் தோன்றி, வண்ணப்பூச்சுக்கு அடியில் வளர்ந்து, பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி முறிவில் முடிகிறது. காதும் விரலும் செய்த வேலையை ஒரு சோதனைப் பொறியிடம் ஒப்படைக்க நேர்ந்த கதையே எடை குறைந்த சக்கரங்களின் வரலாறு. அந்தக் கதை இந்தியாவில் ஓரிடத்தில் மட்டும் இன்னும் முற்றுப்பெறவில்லை.

இழுவிசையில் நிற்கும் கம்பிச் சக்கரத்தை 1808ஆம் ஆண்டில் ஜார்ஜ் கேலி தம் பறக்கும் பொறிகளுக்காகச் சிந்தித்தார். எடையைக் குறைக்க வேண்டும் என்பதே அப்போதும் நோக்கம். 1874இல் ஜேம்ஸ் ஸ்டார்லி கம்பிகளைச் சாய்த்துக் குறுக்கும் நெடுக்குமாகக் கோக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1888இல் டன்லப்பின் காற்றடைத்த டயர் வந்தது. மிதிவண்டியிலிருந்து மோட்டார் சைக்கிள் பெற்ற சீதனம் இவை. 1950களின் நடுவில் சென்னையை அடுத்த திருவொற்றியூரில் என்ஃபீல்டு தொழிற்சாலை தொடங்கியபோது புல்லட் ஓடியதும் கம்பிச் சக்கரத்தில்தான். குண்டும் குழியுமான சாலையில் அது வளைந்து கொடுக்கும். வளைந்ததை எந்த ஊரிலும் நிமிர்த்தலாம். அறுந்த கம்பியைத் தனியாக மாற்றலாம்.

அப்படியிருக்க அதை ஏன் கைவிட நேர்ந்தது? முதற்காரணம் எடை. சக்கரத்தின் எடை சஸ்பென்ஷனுக்குக் கீழே இருக்கிறது. அது கூடினால் மேடுபள்ளங்களில் டயர் தரையை விட்டு எழும் நேரமும் கூடும். சக்கரம் சுழலவும் செய்வதால் அதன் விளிம்பிலுள்ள ஒரு கிலோவை முடுக்க, வண்டியின் உடலிலுள்ள ஒரு கிலோவுக்குத் தேவைப்படும் ஆற்றலைப் போல ஏறத்தாழ இரு மடங்கு தேவை. பந்தய உலகம் இதை முதலில் உணர்ந்தது. பிரிட்டனின் பொறியாளரும் பந்தய வீரருமான பீட்டர் வில்லியம்ஸ், ஆர்ட்டர் மேட்ச்லெஸ் வண்டியில் வார்ப்பு மக்னீசியச் சக்கரங்களைப் பொருத்தி ஓட்டியவர். 1973இல் ஐல் ஆஃப் மேன் தீவில் ஃபார்முலா 750 போட்டியையும் நார்ட்டன் வண்டியில் வென்றார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் வார்ப்புச் சக்கரம் சாலைக்கு வந்துவிட்டது. யமஹா ஆர்.டி.400 வண்டி 1976இல் அதனுடனேயே விற்பனைக்கு வந்தது. இரண்டாவது காரணம் டியூப். கம்பிகள் ரிம்மைத் துளைத்துச் செல்வதால் காற்று நில்லாது, டியூப் தேவை. ஆணி குத்தினால் டியூப் சட்டென்று காற்றிழக்கும். வார்ப்பு ரிம்மில் துளையில்லை. டியூப்லெஸ் டயரில் காற்று மெல்ல இறங்கும். ஓட்டுபவர் வண்டியை ஓரங்கட்டிவிடலாம்.

ஆக, வார்ப்புச் சக்கரம் ஒரு வகையில் பாதுகாப்பைக் கூட்டியது. மறுவகையில் புதியதோர் ஆபத்தையும் உடன் கொணர்ந்தது. அதைப் புரிந்துகொள்ள இருப்புப்பாதைக்குப் போக வேண்டும். 1842 மே மாதம் வெர்சாயிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சுமையைத் தாங்கும் வலுவுள்ள அச்சு ஏன் முறிந்தது என்ற கேள்விக்கு விடை தேடியவர்களுள் முதன்மையானவர் பிரஷ்ய ரயில்வேயின் பொறியாளர் ஆகஸ்ட் வோலர். 1850களிலும் 60களிலும் அவர் அச்சுகளைச் சுழலவிட்டு, வளைத்து, முறியும்வரை எண்ணினார். ஒரே தடவையில் முறிக்கத் தேவைப்படும் விசையைவிட மிகக் குறைந்த விசையும், திரும்பத் திரும்பத் தாக்கினால் உலோகத்தை முறித்துவிடும் என்று நிறுவினார். இதுவே உலோகச் சோர்வு. எஃகுக்கு ஓர் எல்லை உண்டு. அதற்குக் கீழான விசையை அது கிட்டத்தட்ட வரம்பின்றித் தாங்கும். அலுமினியத்துக்கு அத்தகைய தெளிவான எல்லை இல்லை. அதன் ஆயுள் எண்ணிக்கைக்கு உட்பட்டது. எடையில் எஃகின் மூன்றிலொரு பங்கே உள்ள உலோகம் கேட்கும் விலை அது.

இன்றைய சக்கரச் சோதனைக்கூடத்தில் நடப்பது வோலரின் சோதனையின் வழித்தோன்றலே. மோட்டார் சைக்கிளின் இலகு உலோகச் சக்கரங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 8644 என்ற உலகத் தரநிலையும் இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 16192இன் முதற்பகுதியும் சோதனைகளை ஏறத்தாழ ஒரே போக்கில் வகுக்கின்றன. ரிம்மை இறுகப் பிடித்து, ஹப்பில் பொருத்திய தண்டின் வழியே வளைவிசையைச் சுழற்றித் தருவது ஒன்று. திருப்பத்தில் சக்கரம் படும் பாட்டை அது போலச்செய்கிறது. டயருடன் சக்கரத்தை உருளையின்மேல் அழுத்தி ஓடவிடுவது இரண்டாவது. பிரேக்கும் எஞ்சினும் தரும் முறுக்கை மாறி மாறிச் செலுத்துவது மூன்றாவது. ரிம்மின்மேல் எடையை விழச்செய்து, காற்று நிற்கிறதா என்று பார்ப்பது நான்காவது. சோர்வுச் சோதனைகள் பெருமளவு சுற்றுகள் நீள்வன. முடிந்தபின், விரிசலில் ஊறும் சாயத்தைத் தடவித் தேடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத கோடு அப்போதுதான் சிவப்பாக எழும்.

இச்சோதனைகளில் செலுத்தும் விசை எல்லாச் சக்கரத்துக்கும் ஒன்றல்ல. அந்தச் சக்கரம் தாங்கவேண்டிய உச்சச் சுமையையும் டயரின் ஆரத்தையும் கொண்டு அது கணக்கிடப்படுகிறது. எனவே ‘சோதனையில் தேறிய சக்கரம்’ என்ற சொற்றொடர் அரைகுறையானது. ‘இன்ன சுமைக்குத் தேறிய சக்கரம்’ என்பதே முழுமையானது. 150 சிசி வண்டியின் சுமைக்குத் தேறிய சக்கரம், 200 கிலோவைத் தாண்டும் வண்டியில் ஏறினால், அது சோதிக்கப்படாத சக்கரமாகிவிடுகிறது.

தொழிற்சாலையிலேயே பொருத்தப்படும் சக்கரத்தில் இச்சிக்கல் எழுவதில்லை. வண்டியும் சக்கரமும் ஒருங்கே ஒப்புதல் பெறுகின்றன. குறை தெரிந்தால் சேசிஸ் எண்ணைக்கொண்டு வண்டிகளைத் திரும்ப அழைக்கவும் முடியும். வண்டி விற்றபின் தனியாக வாங்கிப் பொருத்தும் வெளிச்சந்தைச் சக்கரத்தில்தான் இழை அறுகிறது. ராயல் என்ஃபீல்டின் இன்டர்செப்டர் 650 இதற்கு நல்ல சான்று. 2018இல் அது கம்பிச் சக்கரத்துடனும் டியூப் டயருடனும் வெளிவந்தது. நெடுந்தொலைவு செல்வோர் டியூப்லெஸ் வேண்டினர். நிறுவனமே அலாய் சக்கரம் பொருத்திய வகைகளை 2023இல்தான் விற்பனைக்குக் கொணர்ந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த வேட்கையை நிறைவேற்ற வெளிச்சந்தை முன்வந்தது. சென்னையின் புதுப்பேட்டையும் பெங்களூருவின் ஜே.சி. ரோடும் இத்தகைய உதிரிபாக வணிகத்துக்குப் பெயர்பெற்றவை. அங்கு வாங்கிய சக்கரம், கண்டோன்மென்ட்டின் கிழக்கே ஜீவனஹள்ளி போன்ற குடியிருப்பிலுள்ள ஒரு சிறு பட்டறையில் பொருத்தப்படலாம். அந்தப் பட்டறைக்காரர் கம்பிச் சக்கரத்தில் கோட்டத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர். வார்ப்புச் சக்கரத்தின் உள்ளே குமிழி இருக்கிறதா என்று காண அவரிடம் எக்ஸ்ரே இல்லை.

முரண் என்னவெனில், இந்தியாவில் உலோகச் சோர்வை நன்கறிந்த நகரமும் பெங்களூருவே. எச்.ஏ.எல். நிறுவனத்தின் வார்ப்பு, அடிப்புப் பிரிவு அலுமினியத்திலும் மக்னீசியத்திலும் விமானப் பாகங்களைச் செய்வது அங்கேதான். தேசிய வானூர்தி ஆய்வகம் விமானக் கட்டமைப்புகளை முழு அளவில் சோர்வுச் சோதனைக்கு உட்படுத்துவதும் அங்கேதான். வானத்துக்குரிய அந்த ஒழுங்கு, அதே நகரின் தெருவிலுள்ள இரு சக்கரங்களை எட்டவில்லை.

சட்டம் இவ்விடைவெளியை இரு பக்கங்களிலிருந்து அணுகுகிறது. 2020இல் மத்திய அரசு பிறப்பித்த தரக்கட்டுப்பாட்டு ஆணை, சக்கர ரிம்களை இந்தியத் தரநிலைக்குள் கொண்டுவர வகைசெய்தது. இது சக்கரத்தைப் பற்றிய கேள்வி. மறுபுறம், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை விளக்கி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்றது. அதே ஆண்டின் சட்டத்திருத்தம், முறையற்ற மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமளித்தது. இது வண்டியைப் பற்றிய கேள்வி. சக்கரம் வலுவானதா என்று ஒன்று கேட்கிறது. வண்டி மாறியதா என்று மற்றொன்று கேட்கிறது. இந்தச் சக்கரம் இந்த வண்டியின் சுமைக்கு ஏற்றதா என்ற மூன்றாவது கேள்வியைப் பட்டறை வாசலில் கேட்பவர் எவருமில்லை. பாதுகாப்போ அந்த மூன்றாவது கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது.

விடை தெரியாத கேள்வியன்று இது. ஜெர்மனியில் மாற்றுச் சக்கரத்துக்கு வழங்கும் ஒப்புதல் ஆவணம், அது எந்தெந்த வண்டி மாதிரிகளுக்குப் பொருந்தும் என்று பட்டியலிடுகிறது. ஓட்டுபவர் அதைக் காவலரிடம் காட்டலாம். மாற்றுச் சக்கரங்களுக்கான ஐ.நா. ஒழுங்குவிதி எண் 124, கார்களோடும் அவற்றின் டிரெய்லர்களோடும் நின்றுவிடுகிறது; இருசக்கர வண்டி அதன் எல்லைக்குள் வரவில்லை. வண்டிகளுள் பெரும்பான்மை இருசக்கரமாகவே உள்ள இந்தியா பிறர் வழிவகுக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சக்கரத்தில் பொறித்த எண், அது தாங்கும் உச்சச் சுமை, அது பொருந்தும் வண்டி மாதிரிகள் ஆகிய மூன்றும் ஒரே தாளில் இருந்தால், அதைப் படித்துப் பார்த்துப் பொருத்தவோ மறுக்கவோ எந்தப் பட்டறைக்காரராலும் இயலும். கம்பிச் சக்கரத்தின் காலத்தில் அவருக்கிருந்த தீர்ப்புரிமை அந்தத் தாளின் வழியே அவரிடம் மீளும்.