கடாரம் எங்கே? - ஒரு பெயர் மயக்கத்தின் வரலாறு

ஒரு நாட்டின் பெயரை நாம் பிறழ உணர்ந்தால், அந்நாட்டோடு நம் முன்னோர் கொண்ட உறவும் உடன் மறைந்துவிடும். இதற்குத் தக்க சான்று கடாரம் என்னும் பெயர்.

'கடாரம் கொண்டான்' என முதலாம் இராசேந்திரனைப் போற்றாத தமிழர் இலர். ஆயினும் அக்கடாரம் யாது என்பதில் அறிஞரிடையே நெடுங்காலம் மயக்கம் நிலவியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழர் கல்வெட்டுகளைப் பதிப்பித்த ஜெர்மானிய அறிஞர் ஹுல்ஷ், பெயரொப்புமை கருதி, இராமநாதபுரம் பகுதியிலுள்ள கிடாரமே கடாரம் எனக் கருதினார். வேறு சிலர் பர்மாவின் பெகுவைச் சுட்டினர். முதற்கருத்தே நிலைத்திருப்பின் சோழரின் கடற்படையெடுப்பு, பாண்டி நாட்டு எல்லைக்குள் நடந்த சிறு போராகச் சுருங்கியிருக்கும்!

எனினும் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு, அலைகடலில் கலங்கள் பல செலுத்திய செய்தியைக் கூறுகிறது. உள்நாட்டு ஊரை வெல்லக் கலம் எதற்கு? அதே கல்வெட்டு, கடாரத்தோடு சேர்த்துப் பிற இடங்களையும் அடுக்குகிறது. அவற்றுள் நக்கவாரம் நிக்கோபார் தீவுகளே என வெங்கையா தெளிவுபடுத்தினார். இலாமுரிதேசம் சுமத்திராவின் வடமுனை. மலையூர் அத்தீவின் சாம்பிப் பகுதி. இலங்காசோகம் மலாய்த் தீபகற்பத்தது. 1918ஆம் ஆண்டு பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் கோடெஸ், ஸ்ரீவிசயம் என்பது சுமத்திராவின் பாலெம்பாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட பேரரசு என நிறுவினார். கடாரமோ இன்றைய மலேசியாவின் கெடா.

அவ்வாறாயின் பாலெம்பாங் வேந்தனை நம் கல்வெட்டு கடாரத்தரசன் என்பது ஏன்? வங்கக் கடலைக் கடந்து செல்லும் வணிகர் முதலில் அடையும் பெருந்துறைகளுள் ஒன்று கெடா. தாம் அறிந்த துறையின் பெயரையே தமிழர் அரசு முழுமைக்கும் வழங்கினர் எனலாம். நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு ஊர் வழங்கியதைக் கூறும் ஆனைமங்கலச் செப்பேட்டிலும், வடமொழிப் பகுதி ஸ்ரீவிசயம், கடாகம் என இரண்டையும் குறிக்க, தமிழ்ப் பகுதி கடாரத்தரையன் என்றே சுட்டுகிறது. சீனரோ அவ்வரசைச் சான்ஃபோட்சி என்றனர். அராபியர் சாபக் என்றனர். அரசு ஒன்று; பெயர்கள் பல.

இஃது அக்காலத்தார்க்கு மட்டும் உரிய வழக்கன்று. பிற மாநிலங்களில் வாழும் நம்மைத் தமிழர், மலையாளி, கன்னடர், தெலுங்கர் என்ற வேறுபாடின்றி 'மதராசி' என்றழைப்பதை நாம் கேட்டதில்லையா? ஒரு துறைமுக நகரின் பெயர் தென்னாடு முழுமைக்கும் ஆயிற்று. 1969 சனவரி 14ஆம் நாள் நம் மாநிலம் தமிழ்நாடு எனப் பெயர் பெற்ற பின்னரும் அவ்வழக்கு உடனே மறையவில்லை. நாமும் வடபுலத்தார் அனைவரையும் ஒரே பெயரால் சுட்டுவதில் பின்தங்கியவர் அல்லோம்.

ஆதலின் நம் பிள்ளைகளுக்குக் கடாரத்தின் பெருமையைக் கூறும்போது, நிலப்படத்தையும் உடன் விரித்து வைப்போம். கெடாவையும் சுமத்திராவையும் நிக்கோபாரையும் தனித்தனியே சுட்டிக் காட்டுவோம். 'கடாரம் என்றால் பர்மா' என்றோ 'கிழக்குத் தீவுகள் எல்லாம்' என்றோ பொதுப்படக் கூறிவிடலாகாது. பிறர் நம்மைச் சரியான பெயரால் அழைக்க வேண்டும் என விழையும் நாம், பிறர் நாட்டையும் சரியான பெயரால் அறிந்திருத்தல் கடனன்றோ!