ஐவர் பாடினர், ஆறாவது பங்கு யாருக்கு?

பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ் என்றதுமே, ஒரு முதலாளி பணம் போட்டு இறக்கிய சரக்கு என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. 1993-இல் ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ நகரில், விமானங்களை வாடகைக்கு விட்டுவந்த லூ பேர்ல்மன்தான் ஐந்து இளைஞர்களையும் ஒரு குழுவாக்கினார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் பெற்ற வெற்றியும் அவர் உருவாக்கியதுதான் என்ற வாதத்துக்கு வரலாறு இடம்தரவில்லை. 1995-இல் வந்த முதல் பாட்டு சொந்த நாட்டில் 69-ஆம் இடத்தைத் தாண்டவில்லை. அதைக் கொண்டாடியது ஜெர்மனி. பாட்டு பிறந்ததும் அமெரிக்காவில் அல்ல; ஸ்டாக்ஹோமின் ஷெய்ரன் ஸ்டுடியோவில், டென்னிஸ் பாப், மாக்ஸ் மார்ட்டின் ஆகியோர் கையில். ஐரோப்பாவில் பெயர் வாங்கிய பிறகே, 1997-இல், அமெரிக்காவில் அவர்களின் ஆல்பம் வெளிவந்தது.

பேர்ல்மன் தன்னைக் குழுவின் ஆறாவது உறுப்பினராக ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டு, மேலாளர் என்ற வகையில் எடுத்தது போக அந்தப் பங்கையும் வாங்கினார். 1998-இல் பாடகர்கள் தொடுத்த வழக்கில் சொன்ன கணக்குப்படி, ஐவருக்கும் சேர்த்துக் கிடைத்தது 3 லட்சம் டாலர். அவர் தரப்புக்குப் போனது சுமார் 1 கோடி டாலர். பாடியவர்களின் உழைப்பு எவ்வளவு மலிவாக மதிக்கப்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. அவர் பணம் போடாவிட்டால் குழுவே ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அதே மனிதர் 2000-இல் தொலைக்காட்சி நிகழ்ச்சி வழியாக ஆள் பொறுக்கி அமைத்த ஓ-டவுன் 2003-இல் கலைந்தது. அவர் கைபட்ட இன்னொரு பெரிய வெற்றியான என்சிங்க் குழுவுக்கும் பாட்டு தந்தது ஷெய்ரன்தான். சரி, அப்படியானால் பெருமையெல்லாம் ஸ்வீடன்காரர்களுக்கா? முழுவதும் இல்லை. 'ஐ வாண்ட் இட் தட் வே' பாட்டின் வரிகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று இசை நிறுவனம் மாற்றி எழுதவைத்தது. புதிய வரிகளைப் பதிவுசெய்து பார்த்த பிறகும் ஐவரும் பழையதே வேண்டும் என்று நின்றார்கள். அவர்கள் காது தப்பவில்லை. அந்தப் பாட்டு இடம்பெற்ற 'மில்லேனியம்' ஆல்பம் 1999 மே மாதம் வெளியாகி, முதல் வாரத்திலேயே அமெரிக்காவில் 11 லட்சம் பிரதிகளுக்கும் மேல் விற்றது.

பேர்ல்மன் முதலீட்டாளர்களிடம் செய்த பெருமோசடிக்காக 2008-இல் 25 ஆண்டு தண்டனை பெற்று, 2016-இல் சிறையிலேயே இறந்தார். குழுவிலோ, 2006-இல் விலகிய, ஐவரில் ஒருவரான கெவின் ரிச்சர்ட்சன் 2012-இல் திரும்பி வந்தார். 2019-இல் அதே ஐவரும் பாடிய 'டிஎன்ஏ' அமெரிக்க ஆல்பப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.