ஈர்ப்புக்குப் புவி எதற்கு?

‘நிலவில் புவியீர்ப்பு விசை ஆறில் ஒரு பங்கு’ என்று தயங்காமல் எழுதுகிறோம். நிலவில் நிற்பவரை இழுப்பது நிலவு. அங்கே புவிக்கு என்ன வேலை? புவியீர்ப்பு என்பதைப் பூமியின் இழுப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பொதுவான விசையை ஈர்ப்பு என்றே சொல்ல வேண்டும். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர், பூமிக்கு இழுக்கும் ஆற்றல் உண்டு என்று சித்தாந்த சிரோமணியில் எழுதினார். தமிழில் முன்பு வழங்கிய ‘ஆகர்ஷண சக்தி’யும் அவர் கையாண்ட வடமொழிச் சொல்லின் வேரிலிருந்தே வந்தது, பின்னர் ஈர்ப்பு அதன் இடத்தைப் பிடித்தது. பாஸ்கரர் பேசியது பூமியின் இழுப்பை. நியூட்டனோ 1687இல் அந்த இழுப்பைப் பூமியிடமிருந்து விடுவித்தார். பூமியின் மையத்திலிருந்து நிலவு உள்ள தொலைவு பூமியின் ஆரத்தைப் போல் 60 மடங்கு. நிலவு பூமியை நோக்கி முடுக்கம் பெறுவதோ இங்கே விழும் கல் பெறுவதில் 3600இல், அதாவது 60இன் வர்க்கத்தில், ஒரு பங்கு. கல்லுக்கும் நிலவுக்கும் ஒரே விதி என்றானபின், நிறையுள்ள எதுவும் நிறையுள்ள எதையும் இழுக்கும் என்றாயிற்று. அவர் கையாண்ட லத்தீன் சொல்லான கிராவிடாஸுக்குக் கனம் என்று பொருள். கனம் விழும் பொருளோடு நின்றுவிடும். ஈர்ப்பு என்றதும் ஈர்ப்பது எது, ஈர்க்கப்படுவது எது என்ற இரண்டையும் கேட்கத் தோன்றுகிறது. அந்த அளவில் நம் சொல்லே சிறந்தது. ஈர்தல் என்பதற்கு இழுத்தல், அறுத்தல் என்ற இரு பொருளும் உண்டு. ஈர்வாள் அறுக்கும் வாள். ஷூமேக்கர்-லெவி 9 என்ற வால்மீனை வியாழன் 1992இல் இழுத்தே துண்டுதுண்டாக்கியது. 1994 ஜூலையில் அத்துண்டுகள் வியாழன்மீதே மோதின. ஈர் என்ற வேரின் இரு பொருளும் அங்கே ஒன்றாகிவிட்டன.

பழகிவிட்ட சொல்லால் என்ன கெடுதல் என்று கேட்கலாம். கெடுதல் உண்டு. ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் விண்வெளி நிலையத்தில் புவியீர்ப்பே இல்லை என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் தரையில் இருப்பதில் சுமார் 90 விழுக்காடு அங்கும் இருக்கிறது. நிலையமும் அதிலுள்ளவர்களும் ஒருசேர விழுந்துகொண்டே இருப்பதால் எடை உணரப்படுவதில்லை. புவியீர்ப்பு மெய்யாகவே செயல்படும் இடத்தில் அதை மறுத்துவிட்டு, நிலவின் சொந்த ஈர்ப்புக்கு அந்தப் பெயரைச் சூட்டுகிறோம். 1915இல் ஐன்ஸ்டைன் ஈர்ப்பைக் கால-வெளியின் வளைவாக விளக்கிய பிறகு இழுப்பு என்ற கருத்தே செல்லாதே என்பது அடுத்த மறுப்பு. அவர் மாற்றியது காரணத்தை. ஈர்ப்பு என்று நாம் சுட்டும் நிகழ்வு அப்படியே இருக்கிறது. அதனால்தான் 2015 செப்டம்பரில் பதிவான அலைகளைத் தமிழில் ஈர்ப்பு அலைகள் என்று இயல்பாகச் சொல்ல முடிந்தது. சுமார் 130 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரு கருந்துளைகள் இணைந்ததில் பிறந்தவற்றைப் புவியீர்ப்பு அலைகள் என்றால் பொருந்துமா? 25 லட்சம் ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள ஆண்ட்ரோமெடா விண்மீன் பேரடை நொடிக்குச் சுமார் 110 கிலோமீட்டர் வேகத்தில் பால்வீதியை நெருங்குகிறது. அந்த இழுப்பில் பூமியின் பங்கு கணக்கிலேயே வராது.