வானில் நெரிசல், தரையில் ஒரே ஒருவர்

விமான விபத்து என்றதும் இயந்திரக் கோளாறு, புயல், விமானியின் கவனக்குறைவு என்று காரணம் தேடுவது வழக்கம். தரையில் ஒரு மூடிய அறைக்குள், ராடார் திரையின் முன் அமர்ந்து விமானங்களுக்கு வழி சொல்லும் கட்டுப்பாட்டு அதிகாரியைப் பற்றிப் பயணிகள் நினைப்பதே இல்லை. அவருடைய வேலைப்பளு அளவுக்கு மீறினால் என்ன ஆகும் என்பதை உலகம் கண்ணாரக் கண்டது யுகோஸ்லாவியாவில். 1976 செப்டம்பர் 10, வெள்ளிக்கிழமை காலை.

இன்று குரோவேஷியாவின் தலைநகராக இருக்கும் சாக்ரெப், அன்று யுகோஸ்லாவியாவின் ஒரு நகரம். பெரிய விமான நிலையம் அல்ல. ஆனால் அதன் வானம் ஐரோப்பாவின் பெரிய நாற்சந்தி. பிரிட்டன், ஜெர்மனி போன்ற வட நாடுகளிலிருந்து துருக்கிக்கும் கிரீசுக்கும் மத்திய கிழக்குக்கும் செல்லும் விமானங்கள் அந்நகருக்கு மேலேதான் சந்தித்துப் பிரிந்தன. எழுபதுகளில் சுற்றுலா பெருகியது, விமானங்களும் பெருகின. அதிகாரிகளின் எண்ணிக்கை அதற்கேற்பப் பெருகவில்லை.

சாக்ரெப் வானத்தை மூன்று அடுக்குகளாகப் பிரித்திருந்தார்கள். 25,000 அடி வரை கீழடுக்கு. அங்கிருந்து 31,000 அடி வரை நடு அடுக்கு. அதற்கு மேல் மேலடுக்கு. ஒவ்வோர் அடுக்குக்கும் தனித்தனி ராடார் திரை, தனி வானொலி அலைவரிசை, தனி அதிகாரிகள். ஓர் அடுக்கிலிருந்து இன்னொன்றுக்கு விமானம் ஏறினால், ஒருவர் மற்றவரிடம் அதை முறைப்படி ஒப்படைக்க வேண்டும். சிக்கல் பிறந்ததும் இந்த ஒப்படைப்பில்தான்.

அன்று காலை லண்டனிலிருந்து இஸ்தான்புல் நோக்கி பிரிட்டிஷ் ஏர்வேஸின் டிரைடன்ட் விமானம் 63 பேருடன் 33,000 அடி உயரத்தில் வந்துகொண்டிருந்தது. ஸ்பிளிட் என்ற கடற்கரை நகரிலிருந்து ஜெர்மனியின் கொலோன் நகருக்கு இனெக்ஸ் அட்ரியா நிறுவனத்தின் டிசி-9 விமானம் 113 பேருடன் புறப்பட்டிருந்தது. அது 26,000 அடியில் இருந்தபோது விமானி இன்னும் மேலே செல்ல அனுமதி கேட்டார். 28,000 அடியில் இடமில்லை, 31,000 அடியிலும் இடமில்லை. 35,000 அடி தரலாம் என்றார் நடு அடுக்கு அதிகாரி. விமானி ஒப்புக்கொண்டார். 35,000 அடிக்குப் போக வேண்டுமானால் 33,000 அடியைக் கடந்தாக வேண்டும்.

மேலடுக்கில் அந்த நேரம் நிலைமை என்ன? இருவர் பார்க்க வேண்டிய வேலை. பணிமாற்றத்துக்கு வர வேண்டியவர் தாமதமாகிவிட்டார். அவரைத் தேடிச் சக அதிகாரி எழுந்து போய்விட்டார். சுமார் எட்டு நிமிடம் ஓர் இளைஞர் மட்டுமே நாற்காலியில் இருந்தார். பல விமானங்களுடன் வானொலியில் பேச வேண்டும். அண்டைக் கட்டுப்பாட்டு மையங்களுடன் தொலைபேசியில் பேச வேண்டும். விமானங்களின் விவரம் எழுதிய காகிதக் கீற்றுகளையும் அவரே வரிசைப்படுத்த வேண்டும். இத்தனைக்கும் இரண்டு கை, ஒரு வாய்.

டிசி-9 மேலே ஏற நடு அடுக்கு அதிகாரி ஒப்புதல் பெற்றது தொலைபேசியில் அல்ல. அறைக்குள்ளேயே முறைசாராமல் அது நடந்தது. நெருக்கடியான அலுவலகங்களில் இப்படி வேலை நடப்பது சகஜம். பிறகு அந்த விமானத்தின் அடையாளம் அனுப்பும் கருவியைக் காத்திருப்பு நிலையில் வைக்கச் சொல்லி, அலைவரிசையை மாற்றச் சொன்னார். அதனால் மேலடுக்குத் திரையில் அதன் உயரம் தெளிவாகத் தெரிய வழியில்லாமல் போனது.

டிசி-9 விமானி மேலடுக்கை அழைத்தபோது ஏற்கெனவே 32,500 அடியைத் தொட்டிருந்தார். மோதலுக்கு அப்போது மிச்சம் இருந்தது சுமார் 37 விநாடி! இப்போது எவ்வளவு உயரம் என்று அதிகாரி கேட்டார். 32,700 என்று பதில் வந்தது. விபரீதம் புரிந்தது. பதற்றத்தில் ஆங்கிலத்தை விட்டுத் தாய்மொழிக்கு மாறி, அதே உயரத்தில் நிற்கும்படி சொன்னார். எந்த உயரத்தில் என்று விமானி திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வி பதிலுக்குள் விமானம் இன்னும் ஏறிவிட்டது. சரியாக 33,000 அடியில் நிற்பதாக விமானி தெரிவித்தார். எந்த உயரத்தில் நிற்கக் கூடாதோ அந்த உயரத்தில்! அவர் ஒன்றுமே சொல்லாமல் இருந்திருந்தால் டிசி-9 மேலே கடந்து போயிருக்கக்கூடும் என்பதுதான் இந்தச் சம்பவத்தின் மிகக் கொடிய பகுதி. டிரைடன்ட் விமானிகளுக்கு அந்த மொழி தெரியாது. ஆகவே ஆபத்து வருவதே அவர்களுக்குத் தெரியவில்லை.

டிசி-9 விமானத்தின் இடது இறக்கை டிரைடன்டின் விமானி அறையைக் கிழித்துச் சென்றது. பின்னால் வந்துகொண்டிருந்த லுப்தான்சா விமானத்தின் விமானி அதைக் கண்டு தகவல் சொன்னார். 176 பேரில் ஒருவரும் தப்பவில்லை.

1977-இல் கட்டுப்பாட்டு அதிகாரிகள் மீது வழக்கு நடந்தது. மற்றவர்கள் விடுதலை ஆனார்கள். தனியாக அமர்ந்திருந்த அந்த இளைஞருக்கு மட்டும் ஏழு ஆண்டு சிறை. ஆள் போதாத அறையை நடத்தியவர்களை விட்டுவிட்டு, இருந்த ஒருவரைப் பிடித்தது நியாயமா? உலகெங்கும் உள்ள கட்டுப்பாட்டு அதிகாரிகளும் இதையே கேட்டு மனுக் கொடுத்தார்கள். தண்டனை பாதியாகக் குறைந்து, 1978 நவம்பரில் அவர் வெளியே வந்தார்.

மனிதர் தவறினால் இயந்திரம் காக்கட்டும் என்ற எண்ணம் அதன்பின் வலுத்தது. எதிரே வரும் விமானத்தைத் தானே உணர்ந்து, ஒருவரை ஏறு என்றும் மற்றவரை இறங்கு என்றும் எச்சரிக்கும் டிகாஸ் என்ற கருவி தொண்ணூறுகளில் விமானங்களில் இடம்பெற்றது. நல்ல கருவிதான். ஆனால் கருவி ஒன்று சொல்லி, அதிகாரி வேறொன்று சொன்னால் யார் பேச்சைக் கேட்பது?

இந்தக் கேள்வி 2001 ஜனவரி 31 அன்று ஜப்பான் வானில் எழுந்தது. பயிற்சியில் இருந்த ஓர் அதிகாரி, ஜப்பான் ஏர்லைன்ஸின் 958-ஐ இறங்கச் சொல்ல நினைத்து 907-ஐ இறங்கச் சொல்லிவிட்டார். பதறிப்போன மேற்பார்வையாளர் குறுக்கிட்டு 957 என்று அழைத்தார். அப்படியொரு விமானமே அங்கு இல்லை. 907-இன் கருவி ஏறச் சொன்னது, விமானியோ அதிகாரி சொன்னபடி இறங்கினார். 958-உம் தன் கருவி சொன்னபடி இறங்கியது. இரண்டு விமானங்களிலும் சேர்த்து 677 பேர். கடைசி நொடியில் கண்ணால் பார்த்துத் திருப்பியதால் சுமார் 135 மீட்டர் இடைவெளியில் தப்பினார்கள். உணவு வண்டி கூரையில் மோதியது, 100 பேர் காயம் அடைந்தார்கள்.

யாரும் இறக்காததால் உலக விதி உடனே மாறவில்லை. 17 மாதம் கழித்து, 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் உபர்லிங்கன் ஊருக்கு மேலே அதே கதை. அந்த வானத்தைக் கவனித்தது சுவிட்சர்லாந்தின் சூரிக் மையம். இரவுப் பணியில் இருவர். ஒருவர் ஓய்வெடுக்கப் போயிருந்தார்; நிர்வாகம் கண்டும் காணாமல் விட்டிருந்த பழக்கம் அது. பராமரிப்புக்காக ராடாரின் ஒரு பகுதியும் முக்கியத் தொலைபேசி இணைப்பும் நிறுத்தப்பட்டிருந்தன. மிஞ்சிய ஒருவர், தாமதமாக வந்த ஓர் ஏர்பஸ்ஸைத் தரையிறக்க வேறொரு திரைக்கும் ஓடிக்கொண்டிருந்தார். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ மையம் ஆபத்தைக் கண்டு அழைத்தும் தொலைபேசி கிடைக்கவில்லை. ரஷ்ய டுபோலெவ் விமானத்தைக் கருவி ஏறச் சொன்னது, அதிகாரி இறங்கச் சொன்னார். அது இறங்கியது. எதிரே வந்த டிஎச்எல் சரக்கு விமானமும் கருவி சொன்னபடி இறங்கியது. 71 பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் ஸ்பெயினுக்கு விடுமுறைக்குப் புறப்பட்ட பள்ளிப் பிள்ளைகள்.

மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்த ஒரு தந்தை 2004 பிப்ரவரியில் அந்த அதிகாரியை வீட்டு வாசலில் குத்திக் கொன்றார். 2007-இல் சுவிஸ் நீதிமன்றம் நான்கு பேரைக் குற்றவாளிகள் என்றது. இம்முறை அவர்கள் அந்த நிறுவனத்தின் நிர்வாகிகள். கருவி சொல்வதே முடிவு என்ற விதியை அனைத்துலக விமானப் போக்குவரத்து அமைப்பு 2003-இல் தெளிவாக்கியிருந்தது.

2025 ஜனவரி 29 இரவு வாஷிங்டனில் பயணிகள் விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தபோது, இரண்டையும் கவனித்தவர் ஒரே அதிகாரி. இரு பணிகளை ஒன்றாக்கியிருந்தார்கள். தரைக்கு மிக அருகில் டிகாஸ் கருவி ஏறு, இறங்கு என்று ஆணையிடாது. அந்த நிலையத்தைச் சுற்றி 2021 அக்டோபர் முதல் 2024 டிசம்பர் வரை விமானங்களும் ஹெலிகாப்டர்களும் அருகருகே வந்த 15,214 சம்பவங்களை விசாரணையாளர்கள் பதிவேடுகளில் கண்டார்கள். அவற்றுள் 85 சம்பவங்களில் பக்கவாட்டு இடைவெளி 1,500 அடிக்கும் குறைவு, உயர வேறுபாடு 200 அடிக்கும் குறைவு. ஹெலிகாப்டர்கள் சென்ற அந்த வழி 2025 மார்ச்சில்தான் நிரந்தரமாக மூடப்பட்டது.